அறுவை சிகிச்சைக்குப் பிறகு செல்லப்பிராணி இறந்துபோனால்: எதை, எந்த வரிசையில் செய்வது

காலையில் ஆபரேஷனுக்கு விட்டுவிட்டு வந்த நாயையோ பூனையையோ சாயங்காலம் உயிரில்லாமல் தூக்கிக்கொண்டு வரும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். வயதாகி, படுத்த படுக்கையாகி அடங்கும் உயிருக்கு நம் மனம் ஓரளவு தயாராகியிருக்கும். குணமாக்கக் கூட்டிப்போன இடத்திலேயே போய்விட்டால் அப்படி இல்லை. துக்கம், கோபம், "நானே கொண்டுபோய் விட்டேனே" என்ற உறுத்தல் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் இப்படி நடந்த வீடுகளுக்குத் துணையாகப் போய் நின்றிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். "எதனால செத்துச்சு?" என்ற கேள்வி அதற்கு மறுநாளோ மூன்றாம் நாளோதான் வருகிறது. அப்போது பார்ப்பதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை. காரணம் தெரியாத சாவு வருஷக்கணக்கில் உறுத்துகிறது. அதனால்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். முதலில் உடல், அடுத்து காரணம், அதன்பின் அடக்கம். யார்மேல் தப்பு என்ற பேச்சு அதற்கெல்லாம் பிறகு.

1. முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு ஆள். இதுதான் முக்கியம். வண்டி ஓட்டவும் போனில் பேசவும் அழாமல் இருக்கக்கூடிய ஒருவரை உடனே கூப்பிடுங்கள். அழுதுகொண்டே பைக் ஓட்டி நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

பிறகு ஒரு பழைய பருத்தி வேட்டி அல்லது பெட்ஷீட், அதற்கு அடியில் விரிக்க அகலமான பிளாஸ்டிக் தாள், இரண்டு மூன்று துண்டுகள், ஐஸ். மீன் கடையிலோ ஜூஸ் கடையிலோ ஐஸ் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, ரசீது, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். இந்தக் குழப்பத்தில் முதலில் காணாமல் போவது காகிதங்கள்தான்.

2. உயிர் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரவில் அசையாமல் கிடந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மயக்க மருந்தின் தாக்கத்தில் உடம்பு சில்லென்று ஆகி, மூச்சு மிக மெதுவாக வருவது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இறந்ததுபோலவே தெரியும்.

இடது முன்னங்கால் முட்டி நெஞ்சைத் தொடும் இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் முழுசாகத் துடிப்பைப் பாருங்கள். கண்ணின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். உயிர் இருந்தால் பெரும்பாலும் இமை அசையும். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். சந்தேகம் துளி இருந்தாலும் போர்வையில் சுற்றி டாக்டரிடம் ஓடுங்கள்.

இறந்த பிறகும் சில அசைவுகள் வரும். தசை துடிக்கும். தூக்கும்போது நெஞ்சில் தங்கிய காற்று வெளியேறி முனகல்போலக் கேட்கும். சிறுநீரும் மலமும் கசியும். கண் தானாக மூடாது. அந்த முனகலைக் கேட்டுவிட்டு "உயிரோட இருக்கும்போதே தூக்கிட்டு வந்துட்டோமோ" என்று பல மாதம் தவித்தவர்கள் உண்டு. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி சொன்னபின் வரும் சத்தம் அந்தக் காற்றுதான்.

3. உடலைக் குளிர்ச்சியாக வையுங்கள்

போஸ்ட்மார்ட்டம் செய்வதா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவெடுத்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. ஆனால் உடல் கெட்டுவிட்டால் அந்த முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஓசூரில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஏப்ரல், மே வெயிலில் தருமபுரியிலும் அரூரிலும் சில மணி நேரத்திலேயே வயிறு உப்பத் தொடங்கிவிடும்.

பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே துணி போட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கால்களைத் தூங்கும்போது மடக்குவதுபோல மடக்கிவிடுங்கள். சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும், அப்புறம் மடக்க முடியாது. பெட்டியிலோ குழியிலோ வைக்கும்போது இது எவ்வளவு உதவி என்று தெரியும். பின்பக்கத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், கசிவை உறிஞ்சும்.

ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, துணி சுற்றி, வயிற்றுப் பக்கமும் முதுகுப் பக்கமும் வையுங்கள். முதலில் கெடுவது வயிறு என்பதால் அங்கே கூடுதலாக வையுங்கள். நிழலான அறை, மின்விசிறி. சிறிய பூனை என்றால் பெட்டியில் வைத்து, சாப்பாடு இல்லாத ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும், பரிசோதனையில் பார்க்க வேண்டியவை மறைந்துவிடும்.

தையலைப் பிரிக்காதீர்கள். கையில் குத்திய ஊசிக்குழாய் அப்படியே இருந்தால் அதையும் பிடுங்காதீர்கள். குளிப்பாட்டுவது, மஞ்சள் தடவுவது எல்லாம் போஸ்ட்மார்ட்டம் முடிவு தெரிந்த பிறகு செய்யலாம்.

4. டாக்டரிடம் கேளுங்கள், அன்றைக்கே

கத்துவதற்கு அல்ல, கேட்பதற்குப் போங்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் சண்டை தொடங்கியதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார், உங்களுக்குத் தேவையான விவரம் உள்ளேயே தங்கிவிடும். நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருப்பதும் அன்றைக்குத்தான். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். துக்கத்தில் இருப்பவருக்குக் காதில் விழுவதில் பாதி தங்காது.

கேட்க வேண்டியவற்றைப் போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் பரிசோதித்தார்களா, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எவ்வளவு இருந்தன? எடை பார்த்தார்களா, என்ன மயக்க மருந்து, எவ்வளவு? ஆபரேஷன் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது? மயக்கம் தெளிந்து தலை தூக்கியதா? கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? மூச்சு நின்றபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள்? உங்கள் கணிப்பில் என்ன காரணம்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லும் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம், ரசீது எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். நகல் எடுக்க வசதியில்லை என்றால் அனுமதி கேட்டு போனில் படம் பிடியுங்கள். மாட்டாஸ்பத்திரியாக இருந்தால் அங்கே பதிவேட்டில் எழுதியிருப்பார்கள், பதிவு எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

5. போஸ்ட்மார்ட்டம்: புதைப்பதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

இது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் குற்றமும் இல்லை. ஆனால் கேட்காமலே நழுவ விடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

வேண்டும் என்றால், ஆபரேஷன் செய்தவரை விட்டு வேறொருவர் செய்வது நல்லது. பிற்பாடு உங்களுக்கே சந்தேகம் வராமல் இருக்கும். முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். ஆடு மாடுகளுக்கு இன்சூரன்ஸுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்து பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுவரை வேண்டும் என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிதான். தருமபுரிக்காரர்களுக்கு நாமக்கல் அல்லது தலைவாசல், ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கல்லூரி. கிளம்பும் முன் போன் செய்து, இன்றைக்குச் செய்வார்களா, எத்தனை மணிக்குள் வர வேண்டும், என்ன கட்டணம், எந்தக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

இறந்து 24 மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. சீக்கிரமானால் இன்னும் நல்லது.

என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் முன்பே புரிந்துகொள்ளுங்கள். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், கட்டிய முடிச்சு நழுவியிருந்தால், குடல் தையல் விட்டிருந்தால், நுரையீரலில் உணவு போயிருந்தால் திறந்து பார்த்ததுமே தெரிந்துவிடும். மயக்க மருந்தால் இதயம் நின்றிருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதுவும் இருக்காது. "ஒண்ணும் தெரியல" என்ற முடிவு வந்தால் யாரோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம் எடுக்க வேண்டாம். ரத்தக்கசிவும் சீழும் இல்லை என்று தெரிந்ததே ஒரு பதில். திசுப் பரிசோதனை முடிவு வரச் சில வாரம் ஆகலாம்.

பிராணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடாமல் இருந்து, கடைசி நாட்களில் நடத்தை மாறியிருந்தால், எச்சில் ஒழுகியிருந்தால், யாரையாவது கடித்திருந்தால், உடலைத் தொடும் எல்லோருக்கும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடிபட்டவர்கள், எச்சில் காயத்தில் பட்டவர்கள் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

6. எதனால் இப்படி நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் டாக்டர் சொல்வது புரியும். புரியாததால் வரும் சந்தேகங்கள் குறையும்.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த நாய்களில் சுமார் 600-க்கு ஒன்றும், பூனைகளில் சுமார் 420-க்கு ஒன்றும் மயக்கம் தொடர்பான காரணத்தால் இறந்தன. ஏற்கெனவே நோயுற்றவற்றில் இது பல மடங்கு அதிகம். இறந்தவற்றில் நாய்களில் பாதிக்குக் கிட்டத்தட்டவும், பூனைகளில் பாதிக்கு மேலும் ஆபரேஷன் முடிந்த பிறகே இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்குப் பிறகும் இது நடக்கும்.

நம் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது உண்ணிக் காய்ச்சல். தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் திரியும் நாய்களுக்கு உண்ணி சர்வசாதாரணம். அதனால் வரும் நோயில் தட்டணுக்கள் குறைந்துபோகும். வெளியே நாய் ஓடி ஆடிக்கொண்டிருக்கும், கத்தி பட்டதும் ரத்தம் உறையாது. ரத்தம் பரிசோதிக்காமல் கருத்தடை செய்யும்போது இது தெரியாமலே போய்விடுகிறது.

கருப்பையில் சீழ் கோத்த பெண் நாய் ஆபரேஷனுக்கு வரும்போதே கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம். கருப்பையை எடுத்த பிறகும் உடம்பு தாங்காமல் போவது உண்டு. அங்கே ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் உயிர் தங்கியிருக்காது. வயிறு முறுக்கிய பெரிய நாய்களுக்கு, சரிசெய்த பிறகு மூன்று நாள்வரை இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. குடலைத் திறந்து தைத்த இடம் விட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது திடீரென்று சரிவது இப்படித்தான். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் மூச்சுக்குழாய் குறுகல் என்பதால் மயக்கம் தெளியும் நேரத்தில் ஆபத்து கூடுதல். சில பூனைகளுக்கு இதயத் தசை தடித்திருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் காட்டாது.

7. வீட்டில் சொல்வது, முக்கியமாகக் குழந்தைகளிடம்

அடக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை கேட்டைத் திறந்ததும் தேடும். அதற்குள் எல்லாம் முடித்துவிட்டு "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொன்னால், எப்போது வரும் என்று தினமும் கேட்கும். பொய்மேல் பொய் சொல்ல வேண்டிவரும். ஒருநாள் தெரு முனையில் யாரோ உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"தூங்குது", "டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வெச்சுட்டாரு" என்ற வார்த்தைகள் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை அந்தப் பிள்ளைக்கே ஊசி போட வேண்டிவந்தால் நடுங்கும். "செத்துப்போச்சு, இனிமே வராது. டாக்டர் காப்பாத்தப் பார்த்தாரு, முடியல" என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். பார்க்க வேண்டும் என்றால், தையல் தெரியாமல் துணி போர்த்தி முகத்தையும் முன்னங்காலையும் மட்டும் காட்டுங்கள். பார்க்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "நாய்க்குப் போயி இவ்வளவா" என்று சொல்வார்கள். அதே தாத்தா தினமும் காலையில் டீ குடிக்கும்போது பொறை பிஸ்கட்டைப் பிய்த்துப் போட்டவராக இருப்பார். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், பொறை வாங்கிக்கொண்டு வந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

8. அடக்கம்

சொந்த நிலம் இருந்தால் அங்கேயே. கிணறு, போர்வெல், ஏரிக்கரை, வாய்க்கால் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள். குழி குறைந்தது நான்கடி ஆழம். அதற்குக் குறைந்தால் இரண்டாம் நாளே தெருநாய்கள் தோண்டிவிடும். அதைப் பார்க்கும் கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் இரண்டடிக்குக் கீழே பாறை தட்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கடப்பாரை போட்டால் தீப்பொறிதான் பறக்கும். ஒரு இடத்தில் தட்டியதும் அங்கேயே ஆழம் குறைத்துப் புதைக்காமல் வேறு இடம் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஜேசிபி வேலை நடந்தால் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் காசு வாங்காமலே தோண்டித் தருவார்கள்.

பிளாஸ்டிக் கவரோடு புதைக்காதீர்கள், மட்காது. பருத்தித் துணி மட்டும் போதும். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு மிதித்து, மேலே கல் பரப்பி, வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போடுங்கள். மண் இறங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே விடுங்கள். மாங்கன்று நட நினைப்பவர்கள் குழிக்கு மேலேயே நடாமல் பக்கத்தில் தள்ளி நடுங்கள். மண் இறங்கும்போது கன்று சாயும்.

ஓசூரில் அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு நிலம் இருக்காது. பெங்களூரில் செல்லப்பிராணிகளுக்குத் தகன வசதி இருக்கிறது. சாம்பல் வேண்டுமா, தனியாகத் தகனம் செய்வார்களா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். சேர்த்துத் தகனம் செய்தால் சாம்பல் கிடைக்காது. இல்லையென்றால் ஊரில் நிலம் இருக்கும் நண்பரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குப்பை வண்டியில் போட்டுவிட்டவர்கள் பிற்பாடு படும் வேதனை பெரிது.

மூன்றாம் நாள் பால் ஊற்றத் தோன்றினால் ஊற்றுங்கள். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

9. முதல் இரண்டு வாரம்

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு, மிச்சமான மாத்திரை, கட்டுத் துணி ஆகிய ஆபரேஷன் சம்பந்தப்பட்ட பொருட்களை அன்றைக்கே கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். வேறொருவரை எடுக்கச் சொன்னால் நல்லது. மீதி மாத்திரையை வீட்டில் உள்ள வேறு பிராணிக்குக் கொடுக்கவே கூடாது, எடைக்கு எடை அளவு மாறும். சங்கிலி, சாப்பாட்டுத் தட்டு, படுத்த சாக்கு இவற்றுக்கு அவசரமே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுக் குப்பைத்தொட்டியில் தேடியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெட்டியில் போட்டு பரண்மேல் வையுங்கள், முடிவை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம்.

காலண்டரைப் பாருங்கள். தையல் பிரிக்கப் பத்தாம் நாளோ பதினாலாம் நாளோ வரச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பீர்கள். அந்தத் தேதி திடீரென்று முன்னால் வந்து நின்றால் அடி பலமாக விழும். அந்த நாள் வருகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அன்று தனியாக இல்லாதபடி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் தடுப்பூசி நினைவூட்டல் குறுஞ்செய்தி வரலாம். ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

சோறு வைக்கும் நேரம், சாயங்கால நடை நேரம் இரண்டும்தான் தாங்க முடியாத நேரங்கள். கையும் காலும் பழக்கத்தில் கிளம்பிவிடும். அந்த அரைமணி நேரத்தை வெறுமனே விடாதீர்கள். நடைக்குப் போங்கள், ஆனால் வேறு வழியில் போங்கள். பழைய வழியில் போனால் டீக்கடைக்காரர் முதல் எல்லோரும் "எங்க ஆளைக் காணோம்?" என்று கேட்பார்கள். முதல் வாரத்தில் அதற்குப் பதில் சொல்லும் தெம்பு இருக்காது.

10. "நான்தானே கையெழுத்துப் போட்டேன்"

இந்த எண்ணம் வராத வீட்டை நான் பார்த்ததில்லை. கருத்தடைக்குக் கூட்டிப்போனவர்களுக்கு இது இன்னும் கடுமை. "நல்லா இருந்த உசுரு" என்பார்கள்.

வெறும் ஆறுதல் பேச்சால் இது போகாது. எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஒரு தாளில், ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிவரை உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். டாக்டர் சொன்னது, நாயின் அறிகுறி, கையில் இருந்த பணம், பக்கத்தில் இருந்த வசதி. அதன்பின் தெரிய வந்தவற்றை வேறொரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது தாளில் இருப்பதை வைத்துத்தான் நீங்கள் உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். முதல் தாளில் இருந்ததை வைத்து வேறு என்ன முடிவு எடுத்திருக்க முடியும் என்று நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சில நேரம் உண்மையிலேயே ஒரு தவறு இருக்கும். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னபோது பாட்டி பாசத்தில் இட்லி கொடுத்திருப்பார். அதை மறைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், உண்மையில் அதனால்தான் நடந்ததா என்று கேளுங்கள். பல சமயம் அதற்கும் சாவுக்கும் சம்பந்தம் இருக்காது. இருந்தாலும் பாசத்தில் செய்ததற்காக ஒரு வயதானவரை வீடே சேர்ந்து ஒதுக்கிவைப்பது அநியாயம். அதை நான் பார்த்திருக்கிறேன், அந்த வீடு பழையபடி ஆக வெகுநாள் பிடித்தது.

தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று வாரக்கணக்கில் நீண்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். "நானும் போயிடறேன்" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள், அருகில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். நாய்க்காக அழுகிறோம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தனியாக வாழும் முதியவர்களுக்கு அந்த ஒரு உயிர்தான் வீட்டில் பேச்சுத்துணையாக இருந்திருக்கும்.

11. வீட்டில் இருக்கும் மற்ற பிராணிகள்

கூட வளர்ந்த நாய் வாசலிலேயே படுத்திருக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஓரிரு நாள் பொறுக்கலாம். பூனை சாப்பிடாவிட்டால் மட்டும் இரண்டு நாளுக்குமேல் விடாதீர்கள், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். உங்கள் சோறு இறங்கவில்லை என்றாலும் அதற்கு வைக்க வேண்டியதை வையுங்கள்.

12. புகார் கொடுப்பதா?

பரிசோதனை முடிவும் காகிதங்களும் கையில் வந்த பிறகு, கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு முடிவு செய்யுங்கள். அவகாசம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சிகிச்சைக்குத்தான் இது பொருந்தும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதால், பெங்களூரு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கிருஷ்ணகிரியில் தொடுக்க முடியும். என்ன செய்யலாம் என்று கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டாக்டரின் தொழில் நடத்தை பற்றிய புகார் என்றால், அவர் பதிவு செய்திருக்கும் மாநிலத்தின் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும்.

அலட்சியம் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் கொடுங்கள், தயங்க வேண்டாம். இரவு முழுக்கக் கவனிக்க ஆளில்லாமல் கூண்டில் விட்டது, கேட்டும் காகிதம் தராதது போன்றவை கேட்கப்பட வேண்டியவைதான். ஆனால் அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் டாக்டர் பெயரைப் போட்டுத் திட்டி எழுதாதீர்கள். எழுதியதே பிற்பாடு உங்களுக்கு எதிராகத் திரும்பும். நாய், பூனைக்கு ஆபரேஷன் செய்யக்கூடிய டாக்டர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் குறைவு. விவரம் தெரியாமல் ஒருவரை ஓடவிட்டால் அடுத்த வீட்டுப் பிராணிக்குத்தான் கஷ்டம்.

13. அடுத்த பிராணி, அடுத்த ஆபரேஷன்

வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரே வாரத்தில் குட்டி வாங்கி வந்து கொடுக்கும் உறவினர்கள் உண்டு. அன்பால்தான். வேண்டாம் என்று தோன்றினால் முன்பே சொல்லிவையுங்கள். இறந்த நாய்க்கு பார்வோ (குட்டிகளுக்கு வாந்தி பேதி வரவைக்கும் வைரஸ்) போன்ற தொற்று நோயும் இருந்திருந்தால், அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தடுப்பூசி முழுசாகப் போடாத குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

இன்னொரு பிராணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால், பயத்தில் தள்ளிப்போடாமல் முன்னேற்பாட்டோடு போங்கள். ஒரு வாரம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்து தட்டணு எண்ணிக்கையைப் பாருங்கள். உண்ணி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஆபரேஷனைக் காலை நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள், மயக்கம் தெளியும் நேரத்தில் டாக்டர் கிளினிக்கிலேயே இருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்து, ஈறு இளஞ்சிவப்பாக, உடம்பு கதகதப்பாக இருப்பதைப் பார்த்த பிறகு வீட்டுக்குத் தூக்குங்கள். அன்றிரவு யாராவது ஒருவர் அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுங்கள். ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இரவில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.